கணினிக் கேள்வி–பதில்: கவரேஜ் 100 சதவீதம், சம்பளம் மட்டும் ஏன் பிழை?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தானியங்கி டெஸ்ட், கவரேஜ் பற்றியவை. கவரேஜ் என்பது டெஸ்ட் ஓடும்போது கோட்டின் எத்தனை சதவீத வரிகள் இயங்கின என்ற அளவு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பிழைச் செய்தியை முழுதாக அனுப்பியவர்களுக்கு நன்றி. அது இருந்தால்தான் காரணத்தைச் சரியாகச் சொல்ல முடிகிறது.

கேள்வி: ஐயா, நானும் இரண்டு நண்பர்களும் லாரவெலில் (பிஎச்பி கட்டமைப்பு) தேயிலைக் கொழுந்து நிறுவைக்கும் செக்ரோலுக்கும் (வேலைநாள், சம்பளப் பதிவேடு) ஓர் இணையத்தளம் செய்திருக்கிறோம். சம்பளக் கணக்கு வகுப்புக்குக் கவரேஜ் 100 சதவீதம். ஆனாலும் சரியாக 18 கிலோ எடுத்த அக்காமாருக்கு முழுப் பேருக்கு (முழுநாள் சம்பளம்) பதிலாக அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்துவிட்டது. எல்லா வரியும் பச்சையாக இருக்கும்போது இது எப்படி நடக்கும்? கோட்டை இணைத்திருக்கிறேன்.
— ஹட்டன் வாசகர்

பதில்: டெஸ்ட் ஓடியபோது அந்த வரி ஒரு தடவையாவது இயங்கியது என்பதற்கு மேல் பச்சை நிறத்துக்கு அர்த்தம் கிடையாது. இயங்கிய வரி சரியான விடையைத் தந்ததா என்று கவரேஜ் கருவி பார்ப்பதே இல்லை. அசேர்ட்டில் (விடையைச் சரிபார்க்கும் வரியில்) எதிர்பார்க்கும் தொகையை எழுதாமல் ‘விடை வெறுமையாக இல்லை’ என்று மட்டும் எழுதி ஓட்டிப் பாருங்கள். அதே 100தான் வரும். அசேர்ட்டே இல்லாத டெஸ்டைப் பிஎச்பியின் டெஸ்ட் கருவியான பிஎச்பி யூனிட் ‘ரிஸ்கி’ என்று காட்டிக்கொடுத்துவிடும். உப்புச் சப்பில்லாத அசேர்ட்டை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

நீங்கள் அனுப்பிய வகுப்பில் நிபந்தனை ‘கிலோ > 18’ என்று இருக்கிறது. டெஸ்டில் கொடுத்த நிறைகள் இரண்டு: 10 கிலோ, 25 கிலோ. பத்துக்கு அரைப் பேர் வந்தது, இருபத்தைந்துக்கு முழுப் பேரும் கூடுதல் கிலோக் காசும் வந்தன. இரண்டு கிளையும் ஓடிவிட்டதால் வரிக் கவரேஜும் நிறைவு, கிளைக் கவரேஜும் நிறைவு. ஆனால் ‘>’ இருக்க வேண்டுமா ‘>=’ இருக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் ஒரே எண் 18. அதை யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை.

ஆகவே எல்லையிலேயே மூன்று டெஸ்ட் எழுதுங்கள்: 17.9, 18, 18.1. இதற்கு மூன்று தனிச் செயலிகள் (ஃபங்ஷன்) வேண்டாம். டேட்டா புரொவைடர் ஒன்றில் நிறையையும் எதிர்பார்க்கும் தொகையையும் சோடி சோடியாகப் போட்டால் போதும். அதே பட்டியலில் 0 கிலோ, வெற்று மதிப்பு, கழித்தல் எண், ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தடவை பதிந்த நிறுவை ஆகியவற்றையும் சேருங்கள். கடைசியாகச் சொன்னது தராசடியில் அவசரத்தில் அடிக்கடி நடக்கும்.

எல்லைகளைத் தவறவிட்டிருக்கிறோமா என்று கருவியைக் கொண்டே பார்க்கலாம். பிஎச்பிக்கு ‘இன்ஃபெக்ஷன்’, ஜாவாஸ்கிரிப்டுக்கு ‘ஸ்ட்ரைக்கர்’, பைத்தனுக்கு ‘மியூட்மட்’. இவை உங்கள் கோட்டில் வேண்டுமென்றே சிறு பிழைகளைப் புகுத்தும்: ‘>’ஐ ‘>=’ ஆக்கும், கூட்டலைக் கழித்தலாக்கும், ‘உண்மை’யைப் ‘பொய்’யாக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டை ஓட்டும். ஒரு டெஸ்டாவது விழுந்தால் நல்லது. எல்லாம் பாஸ் ஆனால் அந்த மாற்றம் ‘தப்பியது’ என்று அறிக்கையில் வரும். உங்கள் கோட்டை 10, 25 என்ற இரண்டு டெஸ்டோடு மட்டும் இன்ஃபெக்ஷனில் ஓட்டினால் 18 கிலோ எல்லைச் சிக்கல் முதல் பக்கத்திலேயே நிற்கும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலில் எல்லா டெஸ்டும் பாஸ் ஆகியிருக்க வேண்டும், ஓடிய வரிகளை எண்ணும் கவரேஜ் டிரைவரும் இருக்க வேண்டும். அடுத்தது, இது மெதுவான வேலை. முழுத் திட்டத்துக்கும் ஓட்டாமல் ‘ஃபில்டர்’ தெரிவில் சம்பளக் கோப்புறையை மட்டும் கொடுங்கள்.

உங்கள் கோட்டில் இன்னும் இரண்டு இடங்கள் எங்களுக்குப் பயத்தைத் தருகின்றன. நிறையைத் தசம எண்ணாகச் சேமித்துக் காலை, பகல், மாலை நிறுவைகளைக் கூட்டுகிறீர்கள். பிஎச்பியில் (0.1 + 0.7) × 10 என்ற கணக்கின் விடையை முழு எண்ணாக மாற்றினால் 8 வராது, 7தான் வரும். கணினி 0.1ஐத் துல்லியமாக வைத்திருக்க முடியாததே காரணம். கிலோவைக் கிராமாக மாற்றி முழு எண்ணாகச் சேமியுங்கள்: 18 கிலோ என்றால் 18000. காசையும் சதத்தில் சேமியுங்கள்.

இரண்டாவது இடம் சேமலாப நிதி. தொழிலாளியின் 8 சதவீதத்தையும் தோட்டத்தின் 12 சதவீதத்தையும் தனித்தனியே முழுமைப்படுத்திக் கூட்டுவது ஒரு வழி, 20 சதவீதத்தை ஒரேயடியாகக் கணக்கிடுவது இன்னொரு வழி. 23,450.53 ரூபாவுக்கு முதல் வழியில் 1,876.04 + 2,814.06 = 4,690.10 வரும். இரண்டாவது வழியில் 4,690.11. ஒரு சதம்தான், ஆனால் நூற்றுக்கணக்கான பெயர்கள் உள்ள பட்டியலில் மொத்தம் ஒத்துப்போகாமல் எழுதுவினைஞர் மாதக் கடைசியில் தலையைப் பிய்த்துக்கொள்வார். எந்த வழி என்று கணக்குப் பிரிவிடம் கேட்டு முடிவெடுத்து, இதே தொகையை ஒரு டெஸ்டாகப் போட்டுவையுங்கள்.

கேள்வி: எத்தனை சதவீதம் கவரேஜ் இருந்தால் போதும்? எங்கள் பயிற்சி நிலையத்தில் 80 இல்லாவிட்டால் புரொஜெக்டை ஏற்க மாட்டோம் என்கிறார்கள்.
— கொட்டகலை மாணவி

பதில்: எல்லாத் திட்டத்துக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. கூகுள் நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் 60 ஏற்கத்தக்கது, 75 பாராட்டத்தக்கது, 90 முன்மாதிரி என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் கட்டாயமாக்கவில்லை. 80 கேட்கிறார்கள் என்றால் கொடுத்துவிடுங்கள், அது பெரிய சுமையல்ல. ஆனால் அந்த 80 எங்கிருந்து வருகிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். பணம், லொகின், அனுமதி, நீக்கல் ஆகியவற்றைச் செய்யும் கோப்புகள் 90க்கு மேல் இருக்கட்டும். ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு டெஸ்ட் இல்லாவிட்டால் குடி முழுகாது. மதிப்பை எடுத்துக்கொடுக்கும் ஒற்றை வரிச் செயலிகளுக்கெல்லாம் டெஸ்ட் எழுதி 80ஐத் தொட்டு, சம்பளக் கோப்பை 30இல் விட்டால் எண் வந்துவிடும், பாதுகாப்பு வராது.

பழைய திட்டம் ஒன்றை எடுத்தவர்கள் உடனே 80க்கு ஓட வேண்டாம். இன்றைக்கு 43 என்றால் லாரவெலின் டெஸ்ட் கட்டளையில் ‘மின்’ (குறைந்தபட்சம்) தெரிவில் 43ஐயே வையுங்கள். அதற்குக் கீழே இறங்கினால் கட்டளை தோற்கும். 45க்கு ஏறியதும் எல்லையையும் 45 ஆக்குங்கள்.

கேள்வி: விண்டோஸ், ஸாம்ப் (பிஎச்பியையும் தரவுத்தளத்தையும் சேர்த்து நிறுவும் தொகுப்பு). பிஎச்பி யூனிட்டைக் கவரேஜோடு ஓட்டினால் ‘நோ கோட் கவரேஜ் டிரைவர் அவைலபிள்’ என்று வருகிறது. டெஸ்ட் எல்லாம் பாஸ்.
— நுவரெலியா வாசகர்

பதில்: பிஎச்பி யூனிட்டுக்குச் சொந்தமாக வரிகளை எண்ணத் தெரியாது. எக்ஸ்டிபக் அல்லது பீகோவ் ஆகிய இரண்டில் ஒன்று நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

விண்டோஸில் எக்ஸ்டிபக் போடும்போது பிழைப்பது பெரும்பாலும் டிஎல்எல் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். பிஎச்பியின் பதிப்பு, 64 பிட்டா 32 பிட்டா, திரெட் சேஃப்டி உண்டா இல்லையா, எந்தக் கம்பைலர் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். ஊகிக்காதீர்கள். கட்டளைச் சாளரத்தில் பிஎச்பியின் ‘-ஐ’ தெரிவை ஓட்டி, வரும் நீளமான வெளியீடு முழுவதையும் எக்ஸ்டிபக் தளத்தின் ‘விசார்ட்’ பக்கத்தில் ஒட்டினால் எந்தக் கோப்பு வேண்டும் என்று அதுவே சொல்லும். அதை ‘எக்ஸ்ட்’ கோப்புறையில் வைத்துப் பெயரைச் சுருக்கி, பிஎச்பியின் அமைப்புக் கோப்பான ‘பிஎச்பி.இனி’யில் ‘ஸென்ட் எக்ஸ்டென்ஷன்’ வரியில் அந்தப் பெயரைக் கொடுங்கள்.

அதற்குப் பிறகும் பலருக்குக் கவரேஜ் வராது. எக்ஸ்டிபக் 3இன் இயல்பு நிலை ‘டெவெலொப்’. ‘எக்ஸ்டிபக்.மோட்’ மதிப்பைக் ‘கவரேஜ்’ என்று மாற்றினால்தான் வரிகளை எண்ணும். சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் பிஎச்பி பதிப்பைக் கேளுங்கள். பதிப்பு எண்ணுக்குக் கீழே எக்ஸ்டிபக் பெயர் வர வேண்டும். வரவில்லையானால் வேறொரு ‘இனி’ கோப்பைத் திருத்தியிருக்கிறீர்கள் என்பதே வழக்கமான காரணம். ‘--இனி’ தெரிவு, கட்டளைச் சாளரம் எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று காட்டும். ஸாம்பை நிறுவுமுன் வேறு பிஎச்பி இருந்த கணினிகளில் இது சகஜம்.

கவரேஜ் மோட் எப்போதும் திறந்திருந்தால் எல்லாமே மந்தமாகும். சாதாரண நாளில் ‘ஓஃப்’ வைத்து, தேவைப்படும்போது மட்டும் சூழல் மாறியால் இயக்குங்கள். லினக்ஸ் பாவிப்பவர்களுக்குப் பீகோவ் நல்லது, வேகமானது. ஆனால் அது வரிகளை மட்டும்தான் எண்ணும். ஒரே வரியில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் வைத்து எழுதிய நிபந்தனையில் ஒரு பக்கம் மட்டும் ஓடினாலும் முழு வரியும் பச்சையாகிவிடும். கிளைகளைப் பார்க்க எக்ஸ்டிபக்கும் ‘பாத்-கவரேஜ்’ தெரிவும் வேண்டும்.

கேள்வி: டெஸ்ட் ஓட்டியதும் மைஎஸ்கியூஎல்லில் இருந்த எல்லாத் தரவும் அழிந்துவிட்டது. மூன்று மாதப் பதிவுகள். மீட்க முடியுமா? ஏன் இப்படி நடந்தது?
— பதுளை வாசகர்

பதில்: மீட்பதை முதலில் பார்ப்போம். உங்களிடம் இருப்பது மைஎஸ்கியூஎல் 8 என்றால் பைனரி லொக் (தரவு மாற்றங்களை வரிசையாகப் பதியும் வசதி) இயல்பாகவே திறந்திருக்கும். சேர்வரை நிறுத்தி, தரவுக் கோப்புறையில் ‘பின்லொக்’ என்று தொடங்கும் கோப்புகள் அனைத்தையும் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அழிவு நடந்த நேரத்துக்கு முன்பு வரையுள்ள கட்டளைகளை ‘மைஎஸ்கியூஎல்-பின்லொக்’ கருவியால் புதிய தரவுத்தளத்தில் மீண்டும் இயக்கலாம். இயல்பாக இந்தக் கோப்புகள் 30 நாள்தான் இருக்கும். அதற்கு முந்தியவற்றுக்குப் பேக்கப் தேவை. ஸாம்போடு வரும் மரியாடிபியில் பைனரி லொக் இயல்பாக மூடியிருக்கும். அப்படியானால் பேக்கப்பைத் தவிர வழியில்லை.

அழிந்ததற்குக் காரணம் லாரவெல் டெஸ்டில் சேர்க்கும் ‘ரிஃப்ரெஷ் டேட்டாபேஸ்’. அது முதல் டெஸ்டுக்கு முன் எல்லா அட்டவணைகளையும் அழித்துப் புதிதாக உருவாக்கும். அதன் வேலையே அதுதான். எந்தத் தரவுத்தளத்தில் என்பதைப் பிஎச்பி யூனிட் எக்ஸ்எம்எல் கோப்பு தீர்மானிக்கிறது. அங்கே தரவுத்தள வரிகள் இயங்காத குறிப்புரையாக (கமென்ட்) மாற்றப்பட்டிருந்தாலோ இல்லாமலிருந்தாலோ, சாதாரண ‘.என்வி’ அமைப்புக் கோப்பில் உள்ள உண்மையான தரவுத்தளம் மாட்டிக்கொள்ளும்.

எக்ஸ்எம்எல் சரியாக இருந்தும் அழிந்தவர்கள் உண்டு. அவர்கள் எப்போதோ ‘கொன்ஃபிக்:கேஷ்’ கட்டளையை ஓட்டியிருப்பார்கள். அமைப்புகள் ஒரு கோப்பில் உறைந்துவிட்டால் லாரவெல் எக்ஸ்எம்எல்லில் சொன்ன மதிப்புகளைப் பார்க்காது. டெஸ்டுக்கு முன் ‘கொன்ஃபிக்:கிளியர்’ ஓட்டுங்கள். கேஷ் வேலை சேர்வரில் மட்டும்தான், சொந்தக் கணினியில் வேண்டவே வேண்டாம்.

இனி நடக்காதிருக்க ஒரு காவல் வையுங்கள். அடிப்படை ‘டெஸ்ட்கேஸ்’ வகுப்பில் ‘கிரியேட் அப்ளிகேஷன்’ செயலியை மேலெழுதி, தரவுத்தளத்தின் பெயர் ‘_டெஸ்ட்’ என்று முடியாவிட்டால் விதிவிலக்கை எறிந்து நிறுத்திவிடுங்கள். ‘செட்அப்’ செயலியின் கடைசியில் இதை வைத்தால் பயனில்லை. அதற்குள் அட்டவணைகள் போயிருக்கும்.

டெஸ்டுக்கு நினைவகத்தில் ஓடும் எஸ்கியூலைட் வேகமானது. ஆனால் அது எழுத்து எண்ணிக்கை வரம்பைக் கண்டுகொள்ளாது. 50 எழுத்துப் பெட்டியில் 70 எழுத்துப் பெயரை ஏற்றுக்கொள்ளும். அதே பெயர் மைஎஸ்கியூஎல்லில் ‘தரவு மிக நீளம்’ என்ற பிழையோடு விழும். அன்றாடம் எஸ்கியூலைட், வெளியிடுமுன் ஒருமுறை மைஎஸ்கியூஎல் என்று இரண்டிலும் ஓட்டுங்கள்.

கேள்வி: ரியாக்டில் நான்கு கோப்புகளுக்குத்தான் டெஸ்ட் எழுதினோம். மொத்தம் 60 கோப்புகள். ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவியான ஜெஸ்ட் எப்படி 96 சதவீதம் என்கிறது?
— பண்டாரவளை வாசகர்

பதில்: டெஸ்டுகள் இறக்குமதி செய்யாத கோப்புகளை ஜெஸ்ட் இயல்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. நான்கு கோப்புக்கும் அவை கூப்பிடும் சிலவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 96. அமைப்புக் கோப்பில் ‘கலெக்ட் கவரேஜ் ஃப்ரொம்’ என்ற இடத்தில் மூலக் கோப்புறை முழுவதையும் குறிப்பிடுங்கள். டெஸ்ட் கோப்புகளை ஆச்சரியக்குறி போட்டு விலக்குங்கள். அடுத்த தடவை எண் தலைகுப்புற விழும். மனம் தளர வேண்டாம், உண்மையான எண் அதுதான்.

விலக்கும் பட்டியல் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தானாக உருவான கோப்பு, தொடக்கக் கோப்பு ஆகியவற்றை விலக்கலாம். டெஸ்ட் எழுதக் கஷ்டமான கோப்பை விலக்கினால், எங்கே ஆபத்து அதிகமோ அங்கே கண்ணை மூடிக்கொண்டதாகிவிடும்.

திரையில் வரும் அட்டவணையைவிடக் ‘கவரேஜ்’ கோப்புறைக்குள் உருவாகும் எச்டிஎம்எல் அறிக்கையைத் திறந்து படியுங்கள். சிவப்பு ஓடாத வரி. இடது ஓரத்தில் ‘5 எக்ஸ்’ என்றிருந்தால் ஐந்து தடவை ஓடியது. நிபந்தனைக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டியில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ‘இஃப்’ பக்கம் ஒருபோதும் ஓடவில்லை, ‘ஈ’ இருந்தால் ‘எல்ஸ்’ பக்கம் ஓடவில்லை. ‘எல்ஸ்’ என்று நீங்கள் எதுவும் எழுதாவிட்டாலும் இந்த ‘ஈ’ வரும். நிபந்தனை பொய்யாகும் நிலையைச் சோதிக்கவில்லை என்று அது நினைவூட்டுகிறது. நெட்வொர்க் அறுந்தால் வரும் பிழைச் செய்திப் பகுதி பெரும்பாலும் சிவப்பாகவே கிடக்கும். நம் மலைகளில் சிக்னல் போவது அன்றாடம் என்பதால் அந்தச் சிவப்பை முதலில் தீருங்கள்.

கேள்வி: பால் சேகரிப்பு நிலையத்துக்கான தளம். ‘இன்றைய பதிவு’ என்ற டெஸ்ட் மாலையில் பாஸ். நள்ளிரவுக்குப் பிறகு ஓட்டினால் ஃபெயில், விடிந்ததும் மறுபடி பாஸ். டெஸ்டை நீக்கிவிடலாமா?
— தலவாக்கலை வாசகி

பதில்: நீக்காதீர்கள் தங்கச்சி, அந்த டெஸ்ட் உண்மையைச் சொல்கிறது. உங்கள் கோட்டில் தேதியை ‘டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்’ மூலம் எடுத்து முதல் பத்து எழுத்தை வெட்டுகிறீர்கள். அது தருவது உலகப் பொது நேரத்தின் தேதி. இலங்கை அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. எனவே நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அந்த வரி நேற்றைய தேதியைத்தான் தரும். விடியற்காலை 5 மணிக்குப் பால் கொண்டுவருபவரின் லீற்றர் நேற்றைய கணக்கில் ஏறும். டெஸ்ட் மட்டுமல்ல, தளமே பிழை.

தேதியை எடுக்கும் இடத்தில் ‘ஏசியா/கொலம்போ’ நேர வலயத்தைக் குறிப்பிட்டுத் திருத்துங்கள். டெஸ்டில் உண்மையான கடிகாரத்தை நம்ப வேண்டாம். ஜெஸ்டின் ‘யூஸ் ஃபேக் டைமர்ஸ்’, ‘செட் சிஸ்டம் டைம்’ இரண்டையும் கொண்டு நேரத்தை உறையவைத்து, இலங்கை நேரம் 23.59, 00.00, 05.29, 05.30 ஆகிய நான்குக்கும் ஓட்டுங்கள். லாரவெலில் தேதிகளைக் கையாளும் கார்பனின் ‘செட் டெஸ்ட் நவ்’, பைத்தனில் ‘ஃப்ரீஸ்கன்’ இதே வேலையைச் செய்யும். கோட்டைச் சேமித்து டெஸ்டையும் ஓட்டித்தரும் கிட்ஹப் தளத்தின் கணினிகள் உலகப் பொது நேரத்தில் ஓடுவதால், ‘என் வீட்டில் பாஸ், அங்கே ஃபெயில்’ என்று எழுதிய மற்ற இருவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: அடையாள அட்டை எண்ணிலிருந்து பிறந்த தேதியை எடுக்கும் செயலிக்கு என்னென்ன டெஸ்ட் எழுத வேண்டும்?
— மஸ்கெலியா வாசகர்

பதில்: எல்லைகளைப் பழக இதைவிட நல்ல செயலி கிடைக்காது. பழைய எண்ணில் 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படுவது 12 இலக்கம். பழையதில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த மூன்று நாள் எண். புதியதில் ஆண்டு நான்கு இலக்கம். பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும்.

பலர் வழுக்குவது பெப்ரவரியில். இந்த எண்முறை எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ணுகிறது. அதனால் மார்ச் 1 எந்த ஆண்டிலும் 061. ‘ஜனவரி 1ஓடு 60 நாளைக் கூட்டு’ என்று எழுதினால் 1996இல் மார்ச் 1 சரியாக வரும், 1995இல் மார்ச் 2 வந்துவிடும். லீப் ஆண்டுகளை மட்டும் வைத்துச் சோதித்தவருக்குக் கவரேஜும் 100, டெஸ்டும் பாஸ், செயலி மட்டும் மற்ற எல்லா ஆண்டிலும் பிழை. நாள் எண்ணை 2000 போன்ற ஒரு லீப் ஆண்டில் வைத்து மாதத்தையும் நாளையும் எடுத்து, பிறகு உண்மையான ஆண்டைப் பொருத்துவதே சரியான வழி.

கொடுக்க வேண்டிய நாள் எண்கள்: 000, 001, 059, 060, 061, 366, 367, 500, 501, 561, 866, 867. இவற்றை ஒரு லீப் ஆண்டுக்கும் ஒரு சாதாரண ஆண்டுக்கும் ஓட்டுங்கள். சாதாரண ஆண்டில் 060 வந்தால் பெப்ரவரி 29 என்ற இல்லாத தேதியாகும், ஏற்கக் கூடாது. 366 எந்த ஆண்டிலும் டிசம்பர் 31. சிறிய ‘வி’, நடுவில் இடைவெளி, 11 இலக்கம் ஆகியவையும் வேண்டும்.

தெரிந்தவர்களின் உண்மையான எண்களை டெஸ்ட் கோப்பில் போடாதீர்கள். கிட்ஹப்பில் ஏறிவிட்டால் பிறகு அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: பாடசாலை நூலகத் தளத்தில் ‘கோபால்’ என்று தேடினால் சிலருடைய பெயர் வருகிறது, சிலருடையது வருவதில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒரே எழுத்து. தேடல் டெஸ்ட் எல்லாம் பாஸ்.
— புசல்லாவை ஆசிரியை

பதில்: டீச்சர், கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். முதல் வகையில் ‘கோபால்’ 6 குறியீடு, இரண்டாவதில் 7. கைபேசியில் தட்டியது ஒரு வகையாகவும், பழைய கோப்பிலிருந்து நகலெடுத்தது மற்ற வகையாகவும் இருந்தால் ஒப்பீடு பொருந்தாது. டெஸ்டில் நீங்கள் ஒரே விசைப்பலகையில் தட்டிய பெயரையே சேமித்து அதையே தேடியிருப்பீர்கள். பாஸ் ஆகாமல் என்ன செய்யும்?

பெயரைச் சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ‘என்எஃப்சி’ (இரண்டு குறியீட்டை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘நோர்மலைஸ்’ செயலி உண்டு. பிஎச்பியில் இன்டிஎல் நீட்சியின் ‘நோர்மலைசர்’. டெஸ்டில் இரண்டாவது வகைப் பெயரைத் தட்டாமல் குறியீட்டு எண்களாக எழுதுங்கள். தட்டினால் எடிட்டர் எந்த வகையில் சேமித்தது என்று தெரியாது.

‘ஸ்ரீ’க்கு இது போதாது. ஸ்ரீ, ஶ்ரீ ஆகிய இரண்டும் வெவ்வேறு மெய்யெழுத்தில் தொடங்குபவை, பல எழுத்துருவில் ஒன்றுபோலத் தெரியும். என்எஃப்சி அவற்றை ஒன்றாக்காது. ஒன்றை மற்றதாக மாற்றும் வரியை நீங்களே எழுத வேண்டும். மாணவர் பட்டியலிலும் கோவில் பெயர்களிலும் ‘ஸ்ரீ’ வராத ஊர் ஏது?

பெயரின் நீளத்தைச் சரிபார்க்கும் இடத்தையும் பாருங்கள். ‘மலையகம்’ என்ற சொல்லுக்குப் பிஎச்பியின் ‘ஸ்டர்லென்’ பைட்டுகளை எண்ணி 21 என்கும், ‘எம்பி ஸ்டர்லென்’ குறியீடுகளை எண்ணி 7 என்கும், ‘கிராஃபீம் ஸ்டர்லென்’ 5 என்கும். நாம் எண்ணுவது அந்த ஐந்தைத்தான். முதலாவதை வைத்து 50 என்று வரம்பு போட்டால் முதலெழுத்தோடு தகப்பன் பெயரும் எழுதும் பிள்ளைகள் பலரின் பெயர் ஏறாது. யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பட்டியலைப் பதிவேற்றினால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். தமிழ் யூனிகோட் பகுதி எழுத்து ஒன்றுகூட இல்லாத பெயரை நிறுத்தி எச்சரிக்கும் டெஸ்ட் ஒன்றும் சேருங்கள்.

கேள்வி: டொங்கிள் டேட்டாவில்தான் வேலை. உலாவியில் டெஸ்ட் ஓட்டும் பிளேரைட் நிறுவினால் டேட்டா பறந்துவிடுகிறது. வழி உண்டா?
— பொகவந்தலாவை வாசகர்

பதில்: ‘இன்ஸ்டோல்’ என்று மட்டும் கொடுத்தால் குரோமியம், ஃபயர்பொக்ஸ், வெப்கிட் மூன்றும் இறங்கும். கட்டளையின் இறுதியில் ‘குரோமியம்’ என்று சேர்த்தால் அது மட்டும் வரும். பிளேரைட்டில் கவரேஜ் எடுக்கும் வசதியும் குரோமியத்துக்கு மட்டும்தான் உண்டு, ஆகவே நட்டமில்லை. பிளேரைட் பதிப்பை மாற்றும்போது உலாவியும் புதிதாக இறங்கும் என்பதால் பதிப்பு எண்ணைப் பெக்கேஜ் கோப்பில் ‘^’ குறியில்லாமல் பூட்டிவையுங்கள்.

மற்ற இரண்டு உலாவிகளையும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஓட்டலாம், அங்கே இறங்குவது உங்கள் டேட்டா அல்ல. பொதுத் திட்டங்களுக்கு இலவசம். தனியார் திட்டம் என்றால் இலவசக் கணக்குக்கு மாதம் 2,000 நிமிடம். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (கோட்டை ஏற்றும்போதெல்லாம்) மூன்று உலாவியையும் ஓட்டாமல் புல் ரிக்குவெஸ்டுக்கு (மாற்றத்தை இணைக்கக் கேட்கும்போது) மட்டும் ஓட்டினால் அந்த நிமிடங்கள் சிறிய குழு ஒன்றுக்குத் தாராளம். அறிக்கையின் எச்டிஎம்எல் முழுவதையும் இறக்கவும் தேவையில்லை, எழுத்து வடிவ அட்டவணையை லொக்கிலேயே அச்சிடச் சொன்னால் கைபேசியிலேயே படித்துவிடலாம்.